தமிழ் பிடிஎஃப்-ஐ வேர்டில் திறந்து திருத்துவது எப்படி

2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. வாலாஜாவிலோ வாணியம்பாடியிலோ உள்ள ஒரு சங்கத்தின் உறுப்பினர் படிவம், ஒரு கடையின் விலைப்பட்டியல், ஒரு அறக்கட்டளையின் லெட்டர்பேட் என்று பழையதை எடுத்துப் பார்த்தால் முகவரியில் இன்னமும் 'வேலூர் மாவட்டம்' என்றே இருக்கும். மாற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கையில் இருப்பது பிடிஎஃப் மட்டும். அதை அடித்துக் கொடுத்த டிடிபி கடையில் கம்ப்யூட்டர் மாறியிருக்கும், மூல ஃபைல் போயிருக்கும். போன வருடத்துத் திருவிழா நோட்டீஸ், பழைய ஒப்பந்த மாதிரி, கல்லூரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

பிடிஎஃப்-ஐ வேர்டில் திறந்து திருத்த முடியும். ஆங்கில ஃபைல் என்றால் பெரும்பாலும் நேராக நடந்துவிடும். தமிழில் அப்படியில்லை. ஃபைலுக்குள் தமிழ் எந்த வடிவில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வழி மாறும். அதைப் பார்க்காமல் திறப்பதால்தான் எழுத்தெல்லாம் உடைந்து வந்து, கடைசியில் முழுவதையும் மறுபடி அடிக்கும்படி ஆகிறது.

அடோபி நிறுவனம் 1993-ல் பிடிஎஃப்-ஐக் கொண்டுவந்ததன் நோக்கம், எந்தக் கம்ப்யூட்டரில் பார்த்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பது. அதனால் ஃபைலுக்குள் பெரும்பாலும் இருப்பது வரையும் கட்டளைகள்தான்: இந்த எழுத்துருவின் இந்த உருவை, பக்கத்தில் இந்த இடத்தில் வை. பத்தி எங்கே முடிகிறது, எது அட்டவணை, எது தலைப்பு என்ற விவரம் பல ஃபைல்களில் கிடையாது. வேர்டு அந்த உருவங்களின் இடைவெளியைப் பார்த்து, இது பத்தியாக இருக்கும், இது கட்டமாக இருக்கும் என்று ஊகித்துப் புதிய ஆவணம் ஒன்றைக் கட்டுகிறது. மூல பிடிஎஃப் அப்படியே இருக்கும், அதற்கு எதுவும் ஆகாது.

திறப்பதற்கு முன் மூன்று சோதனை

அடோபி ரீடரில் ஃபைலைத் திறந்து ஒரு வரியை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். எழுத்து எழுத்தாக நீலம் ஏறினால் உள்ளே எழுத்து இருக்கிறது. பக்கம் முழுவதும் ஒரே படமாகப் பிடிபட்டாலோ, ஒன்றுமே பிடிபடாவிட்டாலோ அது ஸ்கேன்.

அடுத்து, தேர்ந்தெடுத்த வரியை நகல் எடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். வேர்டில் ஒட்டாதீர்கள், வேர்டு எழுத்துருவையும் சேர்த்துக் கொண்டுவந்து உண்மையை மறைத்துவிடும். நோட்பேடில் நல்ல தமிழ் வந்தால் யூனிகோடு, அதாவது தமிழ் எழுத்துக்கென்றே தனி எண் உள்ள இன்றைய பொதுத் தரம். 'தமிழ்' என்ற சொல்லுக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் வந்தால் அது பாமினி என்ற பழைய எழுத்துரு. வேறு விதமான ஆங்கிலக் குறிகளும் மேற்கத்திய உச்சரிப்புக் குறி போட்ட எழுத்துகளும் கலந்து வந்தால் வானவில், ஸ்ரீலிபி போன்ற இன்னொரு பழைய எழுத்துரு. வெறும் கட்டங்கள் வந்தால், உருவத்துக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்புப் பட்டியல் ஃபைலில் இல்லை என்று பொருள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் அதை ஸ்கேன் ஃபைல் மாதிரியே கையாள வேண்டும்.

மூன்றாவது, ரீடரில் கண்ட்ரோல் டி அழுத்தி 'ஃபான்ட்ஸ்' தாவலைப் பாருங்கள். பயன்படுத்திய எழுத்துருக்களின் பெயர் வரிசையாக இருக்கும். லதா, விஜயா, நிர்மலா, நோட்டோ என்றிருந்தால் யூனிகோடு. பட்டியலே காலி என்றால் ஸ்கேன். பெயருக்குப் பக்கத்தில் 'எம்பெடட் சப்செட்' என்று இருப்பதையும் கவனியுங்கள். அந்த ஆவணத்தில் பயன்பட்ட எழுத்துகள் மட்டும் ஃபைலுக்குள் வைக்கப்பட்டுள்ளன என்பது இதன் பொருள். நோட்டீஸில் எங்கும் 'ஔ' வரவில்லை என்றால் அந்த எழுத்து உள்ளே இல்லை. எனவே திருத்த வேண்டுமானால் அதே எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் தனியாக நிறுவப்பட்டிருக்க வேண்டும். பெயரைக் குறித்துக்கொண்டு, முதலில் எழுத்துருவை நிறுவுங்கள், பிறகு வேர்டைத் திறங்கள். விண்டோஸ் 10-ல் லதாவும் விஜயாவும் தானாக வருவதில்லை. செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' போய் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' சேர்த்தால் இரண்டும் வந்துவிடும். லதா அகலமான எழுத்து. அதற்குப் பதில் நிர்மலா உட்கார்ந்தால் வரிகள் சுருங்கி, பக்கக் கணக்கே மாறிவிடும்.

தொடக்கூடாதவை

இ-சேவை மூலம் வரும் சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, இணையத்தில் எடுக்கும் பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றில் ஒரு எழுத்தைக்கூட நீங்களாக மாற்றக் கூடாது. மின்கையொப்பம் ஃபைலின் உள்ளடக்கத்தோடு கணக்கால் பிணைக்கப்பட்டது. ஒரு புள்ளி மாறினாலும் கையொப்பம் செல்லாது என்று காட்டும், வேர்டில் திறந்து சேமித்தால் கையொப்பமே இருக்காது. பெயரில் பிழை என்றாலும், சொந்தச் சான்றே என்றாலும், வழங்கிய அலுவலகத்தில் திருத்தம் கேட்டுப் புதிதாக வாங்குவது மட்டுமே வழி. திருத்தி அச்செடுத்துக் கொடுத்தால் அது போலி ஆவணம், தண்டனைக்குரிய குற்றம். 'ஒரே ஒரு இனிஷியல்தான் சார்' என்று ஜெராக்ஸ் கடைக்கு வருபவர்களிடம் கடைக்காரர் இதைத் தயங்காமல் சொல்லிவிட வேண்டும்.

வேர்டில் திறப்பது

வேர்டு 2013-ம் அதற்குப் பிந்தையவையும்தான் பிடிஎஃப்-ஐத் திறக்கும். 2010 பதிப்பில் பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம், திறக்க முடியாது. டிடிபி கடைகளில் பழைய பதிப்புகள் இன்னும் ஓடுவதால் இதை முதலில் பாருங்கள்.

ஃபைல், ஓப்பன், பிரவுஸ் என்று போய் பிடிஎஃப்-ஐத் தேர்ந்தெடுங்கள். திருத்தக்கூடிய ஆவணமாக மாற்றப் போகிறேன், மூலத்தைப் போலவே இருக்கும் என்று உறுதியில்லை, படங்கள் அதிகம் இருந்தால் அப்படியே வராமல் போகலாம் என்று ஒரு அறிவிப்பு வரும். ஓகே கொடுங்கள். மஞ்சள் பட்டையில் 'எனேபிள் எடிட்டிங்' வந்தால் அதையும் அழுத்துங்கள். பெரிய ஃபைல் சில நிமிடம் எடுக்கும். நடுவில் நிறுத்தாதீர்கள்.

திறந்தவுடன் திருத்தத் தொடங்காமல், எஃப்12 அழுத்தி வேர்டு ஆவணமாக வேறு பெயரில் சேமியுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் அழுத்தினால் பத்திக்குறிகளும் இடைவெளிப் புள்ளிகளும் தெரியும். வேர்டு எங்கே தவறாக ஊகித்தது என்பதை இவை இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. வரிக்கு வரி பத்திக்குறி இருக்கிறதா, தலைப்பு தனி டெக்ஸ்ட் பாக்ஸாக மிதக்கிறதா, பக்க எண் பக்கத்தின் உடலுக்குள் சாதாரண எழுத்தாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பக்க எண்ணும் மேல்தலைப்பும் அப்படி விழுந்திருந்தால் முதலில் அவற்றை அழித்துவிட்டு, இன்சர்ட் மெனுவில் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு வரி சேர்த்தாலே பழைய பக்க எண் அடுத்த பக்கத்தின் நடுவில் போய் நிற்கும்.

வரிக்கு வரி பத்திக்குறி இருந்தால் கையால் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டாம். கண்ட்ரோல் எச் அழுத்தி, 'மோர்' விரித்து, 'ஸ்பெஷல்' பட்டனில் 'பாராகிராஃப் மார்க்' தேர்ந்தெடுங்கள். வேலை மூன்று சுற்றாக நடக்க வேண்டும். முதலில் அடுத்தடுத்து வரும் இரண்டு பத்திக்குறிகளை @@ என்று மாற்றுங்கள், இவை உண்மையான பத்தி முடிவுகள். அடுத்து, மீதமுள்ள ஒற்றைப் பத்திக்குறிகளை ஒரு இடைவெளியாக மாற்றுங்கள். கடைசியில் @@ எல்லாவற்றையும் பத்திக்குறியாகத் திருப்புங்கள். முதல் சுற்றை விட்டுவிட்டால் ஆவணம் முழுவதும் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும். பத்திகளுக்கு நடுவே காலி வரி இல்லாத ஆவணம் என்றால், முதல் சுற்றுக்கு முன் நீங்களே பத்தி முடிவுகளில் @@ அடித்துவிட வேண்டும்.

தமிழ் எழுத்தின் அளவை மாற்றினாலும் மாறாமல் நிற்கிறதென்றால், வேர்டு தமிழைக் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்று தனியாக வைத்திருப்பதே காரணம். கண்ட்ரோல் டி அழுத்தி வரும் ஃபான்ட் பெட்டியில் அந்தப் பெயரில் தனிப் பகுதி இருக்கும், எழுத்துருவையும் அளவையும் அங்கே கொடுங்கள். அந்தப் பகுதியே இல்லையென்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் போய்த் தமிழைச் சேர்த்து வேர்டை மூடித் திறக்க வேண்டும். லிப்ரெஆபிஸ் என்ற இலவச மென்பொருளிலும் இதே மாதிரி 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை ஆப்ஷன்ஸில் டிக் செய்ய வேண்டும்.

பாமினி ஃபைல் என்றால்

பாமினி நிறுவப்பட்டிருந்தால் வேர்டில் தமிழாகவே தெரியும். ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். வேர்டுக்கு அது ஆங்கிலம். அதனால் வேர்டின் ஆட்டோகரெக்ட் தமிழைக் கெடுக்கும். பாமினியில் சிறிய எம் என்பது 'அ', பெரிய எம் என்பது 'ஆ'. வரியின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதி இருந்தால் 'அன்புடையீர்' என்று அடிக்க 'ஆன்புடையீர்' என்று நிற்கும். எனவே ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய் பெரிய எழுத்தாக்கும் டிக்குகள் எல்லாவற்றையும், நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். சிவப்புக் கோடுகளைப் பொருட்படுத்த வேண்டாம்.

நாலைந்து சொல் திருத்திவிட்டு அச்சுக்குக் கொடுப்பதென்றால் பாமினியிலேயே திருத்தி முடியுங்கள். ஆவணம் இனிமேலும் பயன்படும், இணையத்தில் ஏறும், தேட வேண்டியிருக்கும் என்றால் யூனிகோடாக மாற்றிவிடுவதுதான் நல்லது. தமிழக அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. பழைய எழுத்துருவில் புதிய ஆவணம் உருவாக்குவதற்கு இன்று எந்தக் காரணமும் இல்லை.

மாற்றுவதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் உண்டு. முழு ஆவணத்தையும் அள்ளிப் போட்டால், நடுவில் உண்மையான ஆங்கிலத்தில் இருக்கும் இமெயில் முகவரி, கம்பெனி பெயர் எல்லாம் பொருளற்ற தமிழாக மாறிவிடும். அதைத் தவிர்க்க, பாமினியில் உள்ள ஒரு சொல்லில் கர்சரை வைத்து, ஹோம் தாவலின் வலக்கோடியில் 'செலக்ட்' அழுத்தி, ஒரே வடிவமைப்புள்ள எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கும் வரியைக் கொடுங்கள். பாமினிப் பகுதிகள் மட்டும் நிறம் ஏறும், ஆங்கிலம் விட்டுப் போகும். எது எது மாற வேண்டும் என்று இப்படிப் பார்த்துக்கொண்டு, ஆங்கிலம் கலந்த இடங்களைத் தவிர்த்துப் பகுதி பகுதியாக மாற்றுங்கள். மாற்றியதை ஒட்டும்போது 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' என்று ஒட்டி, பிறகு நிர்மலாவோ லதாவோ கொடுங்கள்.

மாற்றிய பின் காற்புள்ளிகளைக் கட்டாயம் பாருங்கள். பாமினியில் காற்புள்ளி விசை 'இ' எழுத்துக்கானது. காற்புள்ளிக்கு வேறு விசை. அடித்தவர் ஆங்கில எழுத்துருவுக்கு மாறாமல் தொகையை அடித்திருந்தாலோ, தொகை மட்டும் ஆங்கில எழுத்துருவில் இருந்து அதையும் சேர்த்து மாற்றிவிட்டாலோ '1,50,000' என்பது '1இ50இ000' என்று நிற்கும். ஒப்பந்தத்தில் இது சிறிய பிழை இல்லை.

யூனிகோடு, ஆனால் கொம்பு முன்னால் நிற்கிறது

தமிழ் பிடிஎஃப்களில் அதிகம் தொல்லை தருவது இதுதான். எழுத்துரு யூனிகோடு, பிடிஎஃப்-இல் பார்த்தால் குறையில்லை, வேர்டில் திறந்தால் 'வேலூர்' என்பது 'ேவலூர்' என்றும், 'சேண்பாக்கம்' என்பது 'ேசண்பாக்கம்' என்றும், 'கொணவட்டம்' என்பது 'ெகாணவட்டம்' என்றும் புள்ளி வட்டத்தோடு வருகிறது. யூனிகோடில் 'வே' என்பதை முதலில் வ, பிறகு ஏகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கிறோம். காகிதத்தில் கொம்பு இடப்பக்கம் நிற்கிறது. பிடிஎஃப் காகித வரிசையில் உருவங்களை வைக்கிறது, வேர்டு அதே வரிசையில் பொறுக்கி எடுக்கிறது.

இதைச் சரி செய்ய லிப்ரெஆபிஸ் ரைட்டர் வசதியானது. காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள், வேர்டில் சேமித்த ஃபைலை அப்படியே திறக்கும். கண்ட்ரோல் எச் அழுத்தி, 'அதர் ஆப்ஷன்ஸ்' விரித்து 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்' டிக் செய்யுங்கள். தேடும் கட்டத்தில் இதைக் கொடுங்கள்:

([ெேை])([க-ஹ])

மாற்றும் கட்டத்தில்:

$2$1

கொம்பையும் அடுத்த மெய்யெழுத்தையும் இது இடம் மாற்றும். 'அைணக்கட்டு' என்பது 'அணைக்கட்டு' ஆகும், 'ேவலூர்' சரியாகும். அடுத்த சுற்றில் தனித்தனியாக நிற்கும் எகரக் கொம்பையும் காலையும் தேடி 'ொ' என்ற ஒரே குறியாகவும், ஏகாரக் கொம்பையும் காலையும் 'ோ' என்றும் மாற்றுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் இதைச் செய்யாவிட்டால் பின்னால் 'தொரப்பாடி' என்று தேடினால் கிடைக்காது.

மூன்று எச்சரிக்கைகள். இந்த மாற்றத்தை ஒரே முறைதான் செய்ய வேண்டும், எதையும் புதிதாக அடிப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். சரியாக இருக்கிற 'அணைக்கட்டு' மீது இதே கட்டளை ஓடினால், ஐகாரக் குறி அடுத்துள்ள ககரத்தோடு இடம் மாறி 'அணகை்கட்டு' என்று கெட்டுவிடும். ஆவணத்தில் சில பகுதி சரியாகவும் சில பகுதி உடைந்தும் இருந்தால், உடைந்த பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, 'கரன்ட் செலக்ஷன் ஒன்லி' டிக் செய்து ஓட்டுங்கள். இரண்டாவது, 'க்ஷ' வரும் சொற்களில் இரண்டு மெய்கள் சேர்ந்திருப்பதால் கட்டளை தவறும். அவற்றைக் கையால் திருத்த வேண்டும். மூன்றாவது, 'கௌரவம்', 'பௌர்ணமி' போன்றவற்றில் ஔகாரக் குறியின் வலப்பகுதி 'ள' ஆகவே வந்திருக்கலாம். 'ஸ்ரீ' அடிக்கடி உடையும். திருவிழா நோட்டீஸ் என்றால் இந்த இரண்டையும் தனியாகத் தேடிப் பார்த்துவிடுங்கள். அருள்மிகு, ஸ்ரீ, பௌர்ணமி மூன்றும் இல்லாத நோட்டீஸ் அபூர்வம்.

மூன்று சொல்தான் மாற வேண்டும் என்றால்

அப்போது வேர்டுக்கே போக வேண்டாம். பக்கத்தைக் கலைத்து மறுபடி கட்டுவதால் வரும் சிக்கல் எல்லாம் வீண். லிப்ரெஆபிஸில் பிடிஎஃப்-ஐத் திறந்தால் அது ட்ரா என்ற பகுதியில் திறக்கும், பக்கம் இருந்தபடியே இருக்கும், ஒவ்வொரு வரியும் தனிப் பெட்டியாக நிற்கும். மாற்ற வேண்டிய வரியை இரட்டை கிளிக் செய்து திருத்துங்கள். அந்த வரியிலும் கொம்பு முன்னால் வந்திருந்தால் சரி செய்ய முயலாமல் முழு வரியையும் அழித்துவிட்டு அதே இடத்தில் புதிதாக அடியுங்கள். இரண்டு மூன்று வரிகளை ஒரே பத்தியாக்க வேண்டுமானால் அவற்றைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ஷேப் மெனுவில் 'கன்சாலிடேட் டெக்ஸ்ட்' கொடுக்கலாம்.

ட்ராவில் அடுத்த பெட்டி நகர்ந்து இடம் தராது என்பதை நினைவில் வையுங்கள். 'வேலூர் மாவட்டம்' இருந்த இடத்தில் 'ராணிப்பேட்டை மாவட்டம்' வரும்போது நீளம் கூடும். வலப்பக்கம் தொலைபேசி எண் இருந்தால் அதன்மேல் ஏறும். எழுத்தளவை அரைப் புள்ளி (பாயின்ட்) குறைத்துப் பாருங்கள், போதாவிட்டால் முகவரியை இரண்டு வரியாக்கிப் பக்கத்துப் பெட்டியைக் கையால் நகர்த்துங்கள். ஒரு புள்ளிக்கு மேல் குறைத்தால் ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும். முடிந்ததும் ஃபைல், எக்ஸ்போர்ட் ஆஸ், 'எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்'.

ட்ராவில் இல்லாமல் ரைட்டரில்தான் திறக்க வேண்டும் என்றால், ஓப்பன் பெட்டியில் ஃபைல் வகைப் பட்டியலில் கீழே இறங்கி, பிடிஎஃப் என்ற பெயருக்குப் பக்கத்தில் ரைட்டர் என்று உள்ள வரியைத் தேர்ந்தெடுத்துத் திறக்க வேண்டும்.

ஸ்கேன் ஃபைல்

ஸ்கேன் செய்த தமிழை வேர்டு படமாகத்தான் வைக்கும். எழுத்தாக்க ஓசிஆர், அதாவது படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் கண்டு எடுக்கும் வசதி வேண்டும். எளிய வழி கூகுள் டாக்ஸ். கம்ப்யூட்டரில் கூகுள் டிரைவைத் திறந்து, ஃபைலை ஏற்றி, அதன்மேல் வலது கிளிக் செய்து 'ஓப்பன் வித்', 'கூகுள் டாக்ஸ்' கொடுங்கள். ஃபைல் 2 எம்பி-க்குள் இருப்பது நல்லது. பெரியதாக இருந்தால் பக்கங்களைப் பிரித்து ஏற்றுங்கள். 300 டிபிஐ-யில், சாம்பல் நிறத்தில், சாய்வில்லாமல் ஸ்கேன் செய்தால் முடிவு நன்றாக இருக்கும். ஜெராக்ஸின் ஜெராக்ஸ் என்றால் புள்ளிகள் மங்கியிருக்கும், மெய்யெழுத்தெல்லாம் உயிர்மெய்யாக வரும். அசல் கிடைத்தால் அதிலிருந்தே ஸ்கேன் எடுங்கள்.

அட்டவணை, பத்திப் பிரிவு, அடிக்குறிப்பு எதுவும் இதில் தங்காது, எழுத்து மட்டும் வரும். வந்ததை வேர்டு ஆவணமாக இறக்கிக்கொண்டு மூலத்தோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். ரகரமும் காலும், எ-ஏ, ஒ-ஓ ஆகியவை மாறும் இடங்கள். பத்திர நகல் என்றால் சர்வே எண், உட்பிரிவு, செக்குபந்தி (நான்கு எல்லை விவரம்), அளவு, தொகை ஐந்தையும் ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்க்க வேண்டும். சொல் தவறினால் படிப்பவருக்குப் புரிந்துவிடும், எண் தவறினால் யாருக்கும் தெரியாது. கைக்கு அடக்கமான இரண்டு மூன்று பக்கம், மங்கலான நகல் என்றால் ஓசிஆர் பிழைகளைத் தேடுவதைவிட மறுபடி அடிப்பது விரைவு. சாத்துவாச்சாரி கோர்ட் பக்கம் வேலை செய்யும் தட்டச்சர்களிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

பத்திர நகலில் தாள் அளவும் முக்கியம். லீகல் தாள் 8.5 அங்குலம் அகலம், 14 அங்குலம் நீளம். ஏ4-இல் அடங்கும்படி ஸ்கேன் செய்திருந்தால் பக்கம் ஏறத்தாழ 83 சதவீதமாகச் சுருங்கியிருக்கும், 12 புள்ளி எழுத்து 10 புள்ளியாகத் தெரியும். வேர்டில் லேஅவுட், சைஸ் போய் 'லீகல்' என்று வைத்து, எழுத்தளவை 12 ஆக்கிக்கொள்ளுங்கள்.

அட்டவணை

விலைப்பட்டியல்களில் கட்டக்கோடு இல்லாமல் இடைவெளியால் மட்டும் நிரல் பிரித்திருந்தால் வேர்டு அதை அட்டவணையாக அறியாது, டேப் போட்ட வரிகளாகத் தரும். அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து இன்சர்ட், டேபிள், 'கன்வெர்ட் டெக்ஸ்ட் டு டேபிள்' கொடுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு வரியிலும் டேப் எண்ணிக்கை சமமாக இருக்கிறதா என்று பாருங்கள், ஒன்று கூடினாலும் விலை பக்கத்து நிரலுக்குப் போய்விடும். எண்கள் நிறைந்த பட்டியல் என்றால், மைக்ரோசாஃப்ட் 365 எக்செல்லில் 'டேட்டா' தாவலில் பிடிஎஃப்-இலிருந்து நேராக எடுக்கும் வசதி இருக்கிறது, அது இதைவிடச் சுத்தம்.

மறுபடி பிடிஎஃப் ஆக்குவது

வேர்டில் எஃப்12 அழுத்தி, வகையில் பிடிஎஃப் தேர்ந்தெடுத்து, 'ஸ்டாண்டர்ட்' என்று வைத்துச் சேமியுங்கள். 'மினிமம் சைஸ்' அச்சுக்கு வேண்டாம், படங்கள் மங்கும். பிரிண்டர் பட்டியலில் உள்ள 'பிரின்ட் டு பிடிஎஃப்' வழியாகப் போகாதீர்கள். அதில் இணைய இணைப்புகளும் தலைப்புப் பட்டியலும் போய்விடும்.

புதிய பிடிஎஃப்-ஐத் திறந்து, பக்க எண்ணிக்கை மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். ஃபான்ட்ஸ் தாவலில் எல்லா எழுத்துருவும் 'எம்பெடட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அச்சகத்தின் கம்ப்யூட்டரில் வேறு எழுத்து உட்காரும். வடிவம் மாறக்கூடாத படிவம் என்றால் பழையதையும் புதியதையும் அச்செடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து டியூப்லைட் வெளிச்சத்தில் பிடியுங்கள். கோடுகள் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் தெரியும். அச்செடுக்கும்போது 'ஃபிட்' என்பதை விட்டு 'ஆக்சுவல் சைஸ்' கொடுத்தால்தான் இந்த ஒப்பீடு சரியாக வரும்.

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் போன்றவற்றை மறைத்து ஃபைலை அனுப்ப வேண்டியிருந்தால், அவற்றின்மேல் வெள்ளை அல்லது கறுப்புப் பெட்டி வைத்தால் போதாது. பெட்டிக்குக் கீழே எண் அப்படியே இருக்கும். இழுத்து நகல் எடுத்து நோட்பேடில் ஒட்டினால் முழு எண்ணும் வந்துவிடும். எண்ணையே அழித்துவிட்டு, அந்த இடத்தில் எக்ஸ் குறிகளை அடியுங்கள். அனுப்பும் முன் பிடிஎஃப்-இல் கண்ட்ரோல் எஃப் போட்டு அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைத் தேடுங்கள். ஃபைல், இன்ஃபோ பகுதியில் ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தையும் பார்த்துவிடுங்கள், கடை கம்ப்யூட்டரின் பெயரோ முந்தைய வாடிக்கையாளரின் பெயரோ அங்கே தங்கியிருக்கலாம்.

வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப் மட்டும் கொடுக்காமல் வேர்டு ஃபைலையும் சேர்த்தே கொடுங்கள். லிப்ரெஆபிஸில் செய்த வேலை என்றால் எக்ஸ்போர்ட் பெட்டியின் 'ஜெனரல்' பகுதியில் 'ஹைப்ரிட் பிடிஎஃப்' என்ற டிக் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் திருத்தக்கூடிய மூல ஆவணம் பிடிஎஃப்-க்குள்ளேயே சேர்ந்து போகும். ஃபைல் கொஞ்சம் பெரிதாகும், ஆனால் அடுத்த வருடத் தேதியை மாற்ற வரும்போது லிப்ரெஆபிஸில் திறந்தால் மூல ஆவணமாகவே திறக்கும், கொம்பும் காலும் உடையாது.